மேசையில் இருப்பவள்

நான் ஆடுபவள் இல்லை.
மைதான ஓரத்து மேசையில் இருந்து
புள்ளிக் கோடு இழுப்பவள்,
அடுத்த பந்து யாருக்கென்று
சிவப்பு அம்புக்குறியைத் திருப்பி வைப்பவள்.
காலையில் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு.
இரண்டுக்கும் ஒரே முதலாளி.
ஆலையின் பெயர்தான் அணிக்கும்:
கிளிநொச்சி பொன்மணி.

கையெழுத்து வைத்து, சம்பளம் வாங்கி
பந்து விளையாடலாம் என்பதை
பரந்தன் சந்தியில் ஒருவரும் நம்பவில்லை.
முதல் மாதம் திகதி தவறாமல் காசு வந்தது.
மூன்றாம் மாதம் பாதி, மிச்சத்துக்கு அரிசி.
ஐந்தாம் மாதம் அரிசி மட்டும்.
குருநாகலில் இருந்து வந்த இசுரு,
ஆறடி ஆறங்குலம்,
கீரிச் சம்பா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு
பஸ் ஏறினான்.
"மன்னிக்கோணும்" என்ற சொல்லை
எங்களிடம்தான் படித்திருந்தான்.

அதன்பிறகு வளையத்தடியில் கஜரூபன்.
அவன் முழங்காலுக்கு மேல் ஓர் இரும்புத்துண்டு,
பத்து வயதில் போனது, வெளியே வரவில்லை.
கோடையில் நோகாது. மாரியில் நோகும்.
எங்கள் போட்டிகள் எல்லாம் மாரியில்.

58 – 91.
63 – 77.
49 – 102.
நூற்றிரண்டு போட்டவர்கள் நல்ல பிள்ளைகள்.
கடைசி நிமிடங்களில் மெதுவாக ஓடினார்கள்.
அதுதான் கூட நொந்தது.

தெற்கே போகும் ஒவ்வொரு முறையும்
சாரதி சிவபாதம் முறிகண்டியில் தேங்காய் உடைப்பார்.
ஆறாவது தோல்விக்குப் பிறகு இரண்டு தேங்காய்.
பத்தாவதுக்குப் பிறகு
"பிள்ளையாருக்குக் கூடைப்பந்து விளங்காது போல"
என்று சொல்லி
ஒன்றுக்கே திரும்பிவிட்டார்.

ஒருநாள் ஆலைக்கு வெறும் உழவு இயந்திரத்தோடு
ஒருவர் வந்தார், அக்கராயன் பக்கம்.
"எத்தினை தோல்வி, பிள்ளை?"
"பதினொண்டு."
"எனக்குப் பத்து ஏக்கர். அறக்கொட்டியான்."
பெட்டி முழுக்கக் காற்று.
நெல் இல்லாவிட்டால் அரைப்பு இல்லை,
அரைப்பு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை.
எங்கள் தோல்வி எந்தக் கொப்பியில் தொடங்கியதென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசிப் போட்டி வவுனியாவில்.
70 – 71.
நடுவர் ஒப்பமிட்டார். தலைவர்கள் ஒப்பமிட்டார்கள்.
நானும்.
வான் ஓமந்தை தாண்டும்போது
கைபேசி வெளிச்சத்தில் தாளை விரித்தேன்.
சும்மா, பழக்கத்தில்.
இரண்டாம் கால்பகுதி.
கஜரூபனின் இரண்டாவது தண்ட எறிகை.
அவன் பெயருக்கு நேரே புள்ளி இருக்கிறது.
ஓடும் எண்களில் கோடு இல்லை.
அந்த நேரம் முதலாளி எடுத்திருந்தார்,
களஞ்சியத் திறப்பு எங்கே என்று கேட்டு.
லாச்சிக்குள்ளே, என்று சொன்னேன்.
அவ்வளவுதான் நடந்தது.

எழுபத்தொன்று – எழுபத்தொன்று.

மாங்குளம் மட்டும் மடியில் வைத்திருந்தேன்.
முறிகண்டியில் எல்லாரும் நித்திரை.
கஜரூபனின் கால் மட்டும்
திறந்த கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு.
அணித்தலைவன் அமலதாஸ்
கச்சான் சரையோடு வீதியோரம் நின்றான்.
சொன்னேன்.

கச்சான் உடைக்கும் விரல் நின்றது.
"அப்ப நாங்கள் தோக்கேல்லை."
"வெல்லவும் இல்லை."
"சமன் எண்டால் இன்னும் அஞ்சு நிமிசம்."
"ஓம்."
"ஒப்பம் வச்சாச்சு, என்ன?"
"வச்சாச்சு."

ஒரு லொறி யாழ்ப்பாணப் பக்கம் போனது.
கச்சான்காரி விளக்குத் திரியைக் குறைத்தாள்.
என்னை ஏசுவான் என்று நின்றேன்.
அவன் வானைப் பார்த்தான்,
நீட்டியிருந்த அந்தக் காலைப் பார்த்தான்.
"அவனை எழுப்பாதை" என்றான்.

பிறகு, ஏறப்போனவன் திரும்பி,
மெல்லமாக,
யாரோ இன்னும் விளையாடிக்கொண்டிருப்பது போல:
"அந்த அம்புக்குறி
கடைசியா எந்தப் பக்கம் பாத்தது?"

"எங்கட பக்கம்."